அரைப் பேரும் முழு வாக்கும்

தேயிலைத் தோட்டத்து வழக்கில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. நாள் வேலை முடிந்து, கொழுந்து நிறுக்கப்பட்டு, கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறித்துக்கொண்டால் அந்தத் தொழிலாளிக்கு அன்றைக்கு ஒரு 'பேர்' விழுந்தது என்பார்கள். நிறை குறைந்தால் விழுவது 'அரைப் பேர்'. மழையோ, காய்ச்சலோ, கொழுந்து கிளம்பாத மலையோ, காரணம் எதுவாயினும் கணக்கு அதைக் கேட்பதில்லை. காலையில் முழு மனுஷியாக மலையேறியவள் மாலையில் அரை மனுஷியாக இறங்கி வருகிறாள். பெயர் என்பது ஒருவரை முழுமையாகச் சுட்டுவதற்கென்றே மொழியில் ஏற்பட்டது. அதனை இரண்டாக வெட்டலாம் என்று முதன்முதலிற் கண்டுபிடித்தவர்கள் தோட்டக் கணக்கர்களாகவே இருக்கவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அவர்களுக்கும் முன்னோடிகள் இருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இந்த அரைப் பேரை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு தேர்தல் முடிவு. 2024 நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் பதுளை மாவட்டத்துக்குரிய ஒன்பது ஸ்தானங்களுள் ஆறு தேசிய மக்கள் சக்திக்கும், இரண்டு ஐக்கிய மக்கள் சக்திக்கும், ஒன்று புதிய ஜனநாயக முன்னணிக்கும் கிடைத்தன. வென்ற கட்சிக்கு மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வீழ்ந்திருந்தன. அக்கட்சியிலிருந்து தெரிவானவர்களுள் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்னும் இரு மலையகத் தமிழரும் இருந்தனர். முடிவு வெளியான அடுத்த வாரம், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "சேர், எங்கட தோட்டத்து ஆட்கள் ஒருத்தருமே வாக்குப் போடாமல் இருந்தாலும் இதே கட்சிதானே வென்றிருக்கும்? அப்படியென்றால் எங்கட வாக்கு எதுக்கு?"

கணக்கில் அவள் பிழை விடவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழரின் தொகை ஐந்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. அவர்கள் அனைவரும் அன்றைக்கு லயத்திலேயே இருந்துவிட்டிருந்தாலும் முதலிடம் மாறியிராது. வாக்குச் சீட்டில் மூன்று விருப்பு வாக்குகள் உண்டு, அவ்விருவரும் தெரிவானதில் நம்மவர் இட்ட விருப்பு வாக்குகளுக்குப் பங்குண்டு என்று உடனே விடை கூறினேன். அவள் அமர்ந்துவிட்டாள். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவள் கேட்டது ஸ்தானங்களைப் பற்றிய கேள்வியன்று. எண்ணப்படுதல் என்றால் என்ன, எண்ணப்பட்டவன் உண்மையிலே பொருட்படுத்தப்பட்டவன் ஆகிறானா என்பதே அதன் உட்பொருள். நமது மலைகளில் இது வெறும் தத்துவ விசாரணையாக இருந்ததில்லை.

முதலில் அந்த முன்னோடிகளைப் பார்ப்போம். 1787ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு வகுக்கப்பட்டபோது, காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை ஸ்தானங்கள் என்பதைச் சனத்தொகையைக் கொண்டு தீர்மானிப்பது என முடிவாயிற்று. அடிமைகளைச் சனத்தொகையிற் சேர்ப்பதா இல்லையா என்ற வாதம் உடனே எழுந்தது. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று இரு பகுதியாரும் இணங்கிக்கொண்டனர். ஒரு மனிதன், ஐந்தில் மூன்று பேர்! நமது செக்ரோலுக்கு மூத்த செக்ரோல் அது.

மேலோட்டமாக நோக்குவோர், அடிமையை முழு ஆளாக எண்ணாததே அதிலுள்ள அநியாயம் என்பர். ஆனால் அந்த வாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அடிமைகளை முழுமையாக எண்ணவேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை எசமானர்களின் பிரதிநிதிகள். எண்ணவே கூடாது என்றவர்கள் அடிமை முறை அருகியிருந்த வடபுலத்தார். காரணம் வெளிப்படை. வாக்குரிமை இல்லாத அடிமையை எத்தனைக்கு எத்தனை கூடுதலாக எண்ணுகிறார்களோ, அத்தனைக்கத்தனை அவனுடைய எசமானனுக்குக் காங்கிரசில் ஸ்தானங்கள் கூடும். அவ்வளவுக்கு அவனுடைய விலங்கும் இறுகும். அடிமை முறை 1865இல் ஒழிந்தது. 1868இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம் அந்தப் பின்னத்தை நீக்கி எல்லாரையும் முழு ஆளாக எண்ணச் செய்தது. பின்பு தென் மாநிலங்களில் கறுப்பு மக்களின் வாக்குரிமை பல சூழ்ச்சிகளாற் பறிக்கப்பட்டபோது என்ன நடந்தது? கறுப்பர் முழுத் தலையாக எண்ணப்பட்டனர். அத்தலைகளால் வந்த ஸ்தானங்களில் வெள்ளையர் தெரிவு செய்த வெள்ளையர் வீற்றிருந்தனர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும் வரை, ஏறத்தாழ மூன்று தலைமுறைக் காலம் இது நீடித்தது.

இதிலிருந்து நாம் பெறும் உரைகல் ஒன்றுண்டு. ஒரு மனிதனை அரையாக எண்ணினார்களா, முழுதாக எண்ணினார்களா என்பது இரண்டாவது கேள்வி. என்னை எண்ணியதால் யாருடைய பலம் கூடிற்று என்பதே முதற் கேள்வி. என் பலம் கூடவில்லையாயின், முழுதாக எண்ணப்பட்டும் நான் பிறர் கணக்கில் ஒரு சரக்கே. கொழுந்துக் கூடையையும் முழுதாகத்தான் நிறுக்கிறார்கள்.

இவ்வுரைகல்லில் நமது சொந்த வரலாற்றை உரைத்துப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கெனத் தொகுதிகளை வகுத்தபோது கையாளப்பட்ட விதி, மாகாணத்தின் ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் உறுப்பினர், ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் மேலும் ஓர் உறுப்பினர் என்பதாகும். அந்த 75,000 பேருள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டு மக்களில் ஒன்பதில் ஒருவர். அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நமது பதுளையில் எஸ். எம். சுப்பையாவும் வென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் சிங்கள இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்குத் துணை நின்றன. ஏழு ஸ்தானங்களைக் கண்டு அஞ்சியவர்கள் இருக்கலாம். கொழுந்து பறிப்பவளும் கொழும்புத் துறைமுகத் தொழிலாளியும் ஒரே பக்கம் புள்ளடியிட்டதைக் கண்டு அஞ்சியவர்களே அதிகம்.

அடுத்த ஈராண்டுகளில் நடந்தவற்றை நமது மாணவர்கள் மனனம் செய்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து துடைத்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு கொழும்பில் மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகமும் இடாப்பை மாற்றவில்லை. கோடகன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றும் 1953இல் தோற்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் குறிக்கப்படவில்லை அன்றோ! ஒருவனைப் பெயர் சொல்லாமலே பெயரில்லாதவனாக்கும் வித்தை அது. பிரசாவுரிமை கோரி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

பறிப்பு எல்லாருக்கும் தெரியும். அதன் பின் நடந்த கணக்கே அதிகம் பேசப்படாதது. 1959இல் தொகுதிகள் மீண்டும் வகுக்கப்பட்டு, தெரிவு செய்யப்படும் ஸ்தானங்கள் 95இலிருந்து 151 ஆக உயர்ந்தன. அப்போதும் ஸ்தானங்களைத் தீர்மானிக்க எண்ணப்பட்டது முழுச் சனத்தொகை. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளரும் அதில் முழுத் தலையாக இருந்தனர். அவர்களுடைய தலைகளால் மலைநாட்டு மாகாணங்களுக்கு ஸ்தானங்கள் கூடின. அவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தவர்கள் அயலிலிருந்த வேறு மக்கள். வடபகுதி வாக்காளனைவிட மலைநாட்டுக் கிராமத்து வாக்காளனின் சீட்டுக்குக் கனம் கூடிற்று. அக்கனம் வாக்கில்லாத தோட்டத்து மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தென்புலத்தின் கதை ஊவாவின் மலைகளில் திரும்ப நடந்தது. ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கிராமத்துச் சிங்கள விவசாயி இதைக் கேட்டுப் பெறவில்லை, அந்தக் கனத்தினால் அவனுடைய வயலுக்கு நீரும் பாயவில்லை. பலன் அவன் பெயரால் ஆண்டவர்களுக்கே போயிற்று.

நாமும் நமது பக்கத்து ஏட்டைப் புரட்டவேண்டும். 1948இல் அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்ற பெருமை இடதுசாரிக் கட்சிகளுக்கு உண்டு. ஆனால் 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் அமர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. இங்கு நால்வரைப் பதிந்தால் அங்கு எழுவரை ஏற்றவேண்டும் என்பது விகிதம். 1974இல் எஞ்சியவர்களும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அரைப் பேர் என்பது ஒருவருடைய ஒரு நாளை வெட்டுவது. இந்தக் கணக்கு குடும்பங்களை வெட்டிற்று. அண்ணன் நீலகிரிக்கும் தம்பி ஹாலிஎலைக்கும் என்று பிரிந்த வீடுகள் நமது தோட்டங்களில் எத்தனை! அவர்களில் ஒருவரிடமேனும் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டவர் இல்லை. கேட்கவேண்டிய தேவை அன்றைய ஆட்சியாளருக்கு இல்லை. அவர்களிடம் வாக்கு இல்லை. பாட்டாளி வர்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அமைச்சரவையில் இருந்தவர்களும் கேட்கவில்லை என்பதை நாம் மறைத்துப் பேசினால், நமது மாணவர்களிடம் வரலாறு கற்பிக்கும் தகுதியை இழப்போம்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் இதே மண்ணில் உண்டு. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலை ஊவாவில் எழுந்தபோது, பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள்ளே தேர்தல் நடத்தித் தொழிலாளர் சபை ஒன்றை அமைத்தனர். அச்சபையோடு கலந்து நடப்பதாகத் தோட்டத் துரை இணங்கவேண்டி வந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்ததாகவும் அக்காலத்துப் போராட்ட வரலாறு கூறும். நாள்தோறும் பிரட்டுக் களத்தில் பிறரால் எண்ணப்பட்டவர்கள் அன்று தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். அந்தச் சபை நீடிக்கவில்லை. ஆயினும் நமது உரைகல்லுக்கு அது தூய பொன். அந்த எண்ணிக்கையால் கூடியது எண்ணப்பட்டவர்களுடைய பலமே.

இன்று நிலை மாறியிருக்கிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. 1977இல், முப்பது ஆண்டுகளின் பின், தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர் மீண்டும் வாக்கினால் தெரிவானார். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் என்ற சொல்லை ஏறக்குறைய வழக்கொழியச் செய்தன. ஆனால் வாக்கு வந்த பின்னும், அதற்குரிய பதில் வந்ததா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்களிடையே இருந்து உறுப்பினரும் தெரிவாயினர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் பாதை போடவோ விளக்கு வைக்கவோ முடியாது என்றனர். 2018இல் அது திருத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் சென்றன. வாக்குப் பெட்டி லயத்துப் பாதையில் வரலாம், தார் வரக்கூடாது!

இன்னொரு கணக்கு, எழுதும்போதே கை தயங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2005இலும் 2011இலும் அங்கிருந்து மக்களை அகற்றவேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற நிலம் இல்லை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதில் அதிகாரிகளின் எண்கள் நாளுக்கு நாள் மாறின. முந்நூறு என்றார்கள், இருநூறுக்குள் என்றார்கள், பின்பு இன்னும் குறைத்தார்கள். வாக்காளர் இடாப்பில் அவர்களுடைய பெயர்கள் ஒழுங்காக இருந்தன, செக்ரோலிலும் இருந்தன. ஆனால் ஒரு காலைப் பொழுதில் அந்த லயங்களில் யார் யார் உயிரோடு இருந்தனர் என்பதைச் சொல்ல நாட்டில் ஓர் ஏடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்து உயிர்களைக் கொண்டுபோனபோதும், பாதுகாப்பான நிலம் எங்கே என்ற அதே கேள்விதான் எழுந்தது. வாக்கை எண்ணுகிறவர்களுக்கு உயிரை எண்ணவும் கடமை உண்டு என்று நாம் இன்னும் நிலைநாட்டவில்லை.

நம்மவர்களே நம்மை எண்ணும் முறையிலும் பிழை இருக்கிறது. 'என்னிடம் இத்தனை ஆயிரம் வாக்கு இருக்கிறது' என்று தொழிற்சங்கத் தலைவர்கள் பேரம் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'வாக்கு வங்கி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வங்கியில் இருப்பது யாருடைய பணம்? அங்கே நாம் வைப்பாளர்களா, அல்லது வைப்பிலிடப்பட்ட காசா? ஒரு கூரைத் தகரத்துக்கு வாக்கை விற்றுவிட்டான் என்று தொழிலாளியைப் பழிக்கும் ஆசிரிய நண்பர்களும் உண்டு. தகரம் வாங்கியவனைப் பழிக்கும் முன், ஒழுகும் அந்தக் கூரையின்கீழ் உள்ள நிலம் இத்தனை தலைமுறைக்குப் பின்னும் ஏன் அவனுடையதாகவில்லை என்று கேட்கவேண்டாமா? உரிமையாகக் கிடைக்கவேண்டியதைப் பரிசாகக் கொடுப்பவனே முதற் குற்றவாளி. ஆயினும் தகரத்தோடு கணக்கு முடிந்தது என்று நாம் ஏற்றுக்கொண்டால், நமது வாக்கை அரைப் பேராக நாமே எழுதிக்கொள்கிறோம்.

இனி, அந்த மாணவிக்குரிய விடை. முடிவை மாற்றினால்தான் வாக்குக்குப் பெறுமதி என்று கொண்டால், பெருவெற்றி கண்ட தேர்தலில் எவருடைய வாக்குக்கும் பெறுமதி இல்லை. பதுளை நகரத்து வியாபாரியின் வாக்கும், மகியங்கனை விவசாயியின் வாக்கும் அப்படியே வீண். குவியலில் எந்தக் கொழுந்து கூடையை நிறைத்தது என்று எவரும் சொல்ல முடியாது. எனவே அந்தக் கேள்வி தோட்டத்தவளை மட்டும் வருத்துவதற்குக் காரணம் வேறு. தன்னை எண்ணிய ஒவ்வொரு தடவையும் பலன் வேறிடம் போனதை அவளுடைய குடும்பம் கண்டிருக்கிறது. ஆதலின் அவளுக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை.

அவளிடம் நான் திருப்பிக் கேட்கவேண்டியது இதுவே: பெறுமதி இல்லாத பொருளை 1949இல் அத்தனை சிரமப்பட்டு, மூன்று சட்டங்கள் இயற்றி, ஏன் பறித்தார்கள்? வாக்கு ஆளைத் தெரிவு செய்வதோடு நிற்பதில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவனை அது உண்டாக்குகிறது. தமிழில் வாக்கு என்றால் கொடுத்த சொல் என்றும் பொருள். நாம் ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு சொல்லைப் பெற்றிருக்கிறோம். வென்றவருக்கு வாக்களித்தவளுக்கு மட்டுமன்றி, தோற்றவருக்கு வாக்களித்தவளுக்கும் அந்தச் சொல் உரியது. தேர்தல் முடிவு என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரு கடன் பத்திரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பவனுக்குக் கடன் திரும்புவதில்லை.

கேட்பதற்குச் சில காரியங்கள் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. இன்று மாவட்டங்களுக்குரிய ஸ்தானங்களுள் பெரும்பாலானவை பதியப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. இதனால் இடாப்பில் விடுபட்டவர் வாக்கையும் இழக்கிறார், மாவட்டத்தின் பங்கிலும் குறைகிறார். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகளின் பெயர் ஏதேனும் ஓர் இடாப்பில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது ஆசிரியருக்கு இயலாத காரியமன்று. சரியும் மலையின் கீழ் எத்தனை குடும்பங்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை முதியோர் என்பதை உயர்தர வகுப்பு மாணவர்கள் லயம் லயமாகச் சென்று ஓர் ஏட்டில் எழுதலாம். தேர்தல் மேடைகளில் வீட்டுக்கும் நிலத்துக்கும் என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதையும் அந்த ஏட்டின் மறு பக்கத்தில் எழுதலாம். அது கட்சி வேலையன்று. எந்தக் கட்சி வென்றாலும் அந்த ஏடு வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் குடும்பங்களும் அதில் இடம்பெற வேண்டும்; சரியும் மலைக்கு மொழி தெரியாது.

அந்த மாணவிக்கு இதைச் சொன்னபோது அவள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "ஏட்டை எழுதலாம் சேர், அதை யார் படிப்பார்கள்?" என்றாள். நல்ல கேள்வி. வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளரும் தங்கள் சபையை அமைக்கும் முன் அதையே தங்களுக்குள் கேட்டிருப்பார்கள். முதலில் நாம் படிப்போம் என்றேன். மறுநாள் அவள் தங்கள் லயத்தின் பன்னிரண்டு அறைகளில் வசிப்போரின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். குழந்தைகள், படுக்கையில் இருக்கும் பாட்டி, கொழும்பில் இருக்கும் அண்ணன், எல்லாரும் அதில் இருந்தனர். எல்லாம் முழுப் பேர்கள்.